ஒற்றைத் தடத்துச் சம்பந்திகள்

மார்ச் 4

சம்பந்திக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஐந்து மாதமாக நாம் பேசிக்கொள்வதெல்லாம் ஸ்டேஷன் மணியில்தான். நீங்கள் அடிக்கிறீர்கள், நான் அடிக்கிறேன், வண்டி வருகிறது, வண்டி போகிறது. அதுவே போதும் என்றுதான் இருந்தேன். போனில் பேசலாம் என்றால் அது இப்போது ராணுவத்தின் சொத்து. எடுத்தால் நடுவில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. அதனால் வண்டியோடு வரும் கார்டின் பையில் இதை வைத்து அனுப்புகிறேன்.

என் பெட்டியில் டோக்கன் பந்துகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்கு இதன் தீவிரம் புரியவில்லை. பந்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "இந்த இரும்பு உருண்டை இல்லாம வண்டி போகாதா?" என்று கேட்டார். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். மேல் ஸ்டேஷனுக்கும் இதற்கும் நடுவில் ஒரே தடம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி கிளம்பிவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது. அதற்காகத்தான் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி. அங்கே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் என் பெட்டி ஒரு பந்தைக் கக்கும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியும் வாயைத் திறக்காது. டிரைவர் அதை வாங்கிக்கொண்டு போய் மேலே கொடுப்பார், அது அந்தப் பெட்டிக்குள் விழும். பிறகுதான் அடுத்த வண்டி. பந்து கையில் இல்லாத டிரைவர் எஞ்சினை ஓரடி நகர்த்த மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இதைக் கண்டுபிடிச்சவன் பெரிய சந்தேகப் பிராணியா இருந்திருப்பான்" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

வண்டிகள் மேலே போகின்றன. கீழே வருவது எப்போதாவது ஒன்று. போன பந்தெல்லாம் உங்கள் பெட்டியில் குவிகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கேப்டன் ரேடியோவைக் கேட்டு ஜெயிக்கிறோம் என்று சந்தோஷப்படுகிறார். என் பெட்டி வேறு விதமாகச் சொல்கிறது.

பெட்டியைத் திறந்து பந்துகளை இடம் மாற்ற சிக்னல் மெக்கானிக்குக்குத்தான் அதிகாரம். அவரைக் கம்பி இழுக்கப் போர் முன்னணிக்குக் கூட்டிப் போனார்கள், இன்னும் வரவில்லை. ஆகவே நீங்களே பெட்டியின் அரக்குச் சீலை உடைத்து, பத்துப் பந்தை எடுத்து, ஒரு மூட்டையாகக் கட்டி கார்டிடம் கொடுத்தனுப்புங்கள்.

என் மகள் தன் வீட்டுக்காரரை, அதாவது உங்கள் மகனைப் பற்றிக் கேட்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டறையில் அவருக்கு நான் பார்த்து வைத்த வேலைக்கு வேறு ஒருவன் வந்துவிட்டான். அவன் தினமும் சாயங்காலம் கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

கீழ் ஸ்டேஷன் மாஸ்டர்


மார்ச் 6

சம்பந்தியம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

சீலை உடைக்க இயலாது. வண்டி இல்லாமல் ஒரு பந்து தடத்தின் மீது பயணம் செய்யக் கூடாது. மூட்டையில் இருக்கும் பந்து யார் கையில் வேண்டுமானாலும் கிடைக்கும். கிடைத்தவன் அதை ஒரு டிரைவரிடம் நீட்டினால் போதும், டிரைவர் வண்டியை எடுத்துவிடுவான். எதிரே எது வருகிறது என்று அவன் பார்க்க மாட்டான், பந்தைத்தான் பார்ப்பான். முப்பது வருஷம் அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம். மூட்டை கட்ட அது என்ன வெங்காயமா?

வண்டிகள் ஏன் திரும்புவதில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு அப்பால் தடம் முடியும் இடத்தில் ராணுவம் வண்டிகளை இறக்குவதே இல்லை. சரக்குப் பெட்டிகளையே கிடங்காக வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். பூட்ஸ் கேட்டால் ஒரு வண்டியைக் கலைத்து, அதன் பின்னால் நிற்கும் மூன்று வண்டியையும் கலைத்துத் தேடுகிறார்கள். குண்டுக்குக் காத்திருக்கும் பீரங்கி ஒரு பக்கம், குண்டோடு நிற்கும் வண்டி இன்னொரு பக்கம். நடுவில் முள்கம்பி ஏற்றிய வண்டி. இங்கே இருக்கும் மேஜரிடம் இரண்டு தடவை சொன்னேன். சண்டையைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டர் பேச வேண்டாம் என்றார். நான் சண்டையைப் பற்றிப் பேசவில்லை, சரக்கை இறக்குவது பற்றித்தான் பேசினேன்.

அன்று தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கரியாக நினைத்து எஞ்சின் அடுப்பில் போடுகிறவன் என்றீர்கள். அவனை முன்னணிக்கு வண்டி ஓட்டப் போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவன் முடிவு செய்த பிறகு அதை மதித்தேன், அவ்வளவுதான். இனி உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னதும் அப்படியே இருக்கிறது.

மேல் ஸ்டேஷன் மாஸ்டர்

பி.கு. மருமகள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. பையனுக்கு வலது மணிக்கட்டில் நீராவி பட்டுப் புண்ணாகி இப்போது ஆறிவிட்டது. எஞ்சினிலேயே தூங்குகிறான். சாப்பிடுகிறான்.


மார்ச் 9

சம்பந்திக்கு,

நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால். சரி, வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் பந்துகளை. என் பெட்டியில் மூன்று மிச்சம்.

உங்கள் கடிதத்தை என் மகள் படித்தாள். படித்துவிட்டு அடிப்பகுதியைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். மேல்பகுதி, அதாவது கிடங்கும் வெங்காயமும், எனக்கு. அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்க வேண்டாம். பிளாட்பாரத்தில் மேலே போகிற பையன்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். ஒவ்வொரு எஞ்சின் வரும்போதும் டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். "இப்பவும் அவர் மேல கோவமா?" என்று கேட்டேன். "கோவம்தான்மா, ஆனா அவர் முன்னாடி நின்னு கோவப்படணும்" என்றாள்.

இன்னொன்று. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இத்தனை வருஷத்தில் உங்கள் மணியை வைத்தே நீங்கள் சாப்பிட்டுவிட்டு அடிக்கிறீர்களா, பசியோடு அடிக்கிறீர்களா என்று சொல்லிவிடுவேன். முந்தாநாளிலிருந்து உங்கள் கை ஓடுகிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. மேஜர் கேட்கிறாரோ இல்லையோ, எனக்குச் சொல்லுங்கள். எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள்?

போன வாரம் வரை மேலே போன பெட்டிகளில் சாக்கட்டியால் குண்டு, மாவு, வைக்கோல் என்று எழுதியிருந்தது. இன்று காலை போனதில் ஸ்ட்ரெச்சர் என்று எழுதியிருந்தது, எட்டுப் பெட்டியிலும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சண்டை போடுவதற்காக எழுதவில்லை. மாப்பிள்ளையைக் கீழே அனுப்புங்கள். ஏதாவது காரணம் சொல்லி அனுப்புங்கள்.

கீழ் ஸ்டேஷன் மாஸ்டர்


மார்ச் 12, காலை

சம்பந்தியம்மாவுக்கு,

இதைத் தடத்திலேயே தள்ளுவண்டியில் கொண்டு வருபவர் எங்கள் டிராலிக்காரர். நம்பிக்கையானவர். வழியில் வண்டி எதிர்ப்பட்டால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

விடிந்ததும் விமானம் வந்தது. கம்பிகள் போய்விட்டன. என் பெட்டி செத்துவிட்டது, தங்களுடையதும் செத்திருக்கும். மணி அடித்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது தடத்தில் பெரிய பள்ளம். தண்ணீர்த் தொட்டி இல்லை. தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் இறந்துவிட்டார்.

முதல் தடத்தில் காயம்பட்டவர்களின் வண்டி நிற்கிறது. பெட்டிகள் கொள்ளாமல் கூரையிலும் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த எஞ்சினில் இருப்பது நம் பையன்.

குண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான் தங்களுக்குப் பந்து எடுக்கப் பொத்தானை அழுத்தினேன். வெடிமருந்து வண்டிக்கென்று மணியில் சொன்னீர்கள். அந்தப் பந்து தங்கள் கையில் இருக்கிறது. ஆகவே தடம் தங்களுடையது. சட்டப்படி அந்த வண்டிதான் முதலில் வர வேண்டும். ஆனால் அது வந்தால் நிறுத்த இங்கே தடம் இல்லை. வெளியே சிக்னலடியில் எங்கள் மூக்குக்கு எதிரே வந்து நிற்கும். பிறகு அதுவும் நகராது, இதுவும் நகராது. எதிரியின் பீரங்கிச் சத்தம் இப்போது ஜன்னலை ஆட்டுகிறது. இரண்டு வண்டியும் நிற்கிற இடத்திலேயே போய்விடும்.

என் பெட்டி நிறையப் பந்துகள் இருக்கின்றன. பெட்டியை உடைத்து எடுக்கலாம் என்று மேஜர் சொல்கிறார். அப்படி ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பையன் நம்பி வண்டியை எடுத்துவிடுவான். பந்தைப் பார்ப்பான், வேறெதையும் பார்க்க மாட்டான். எதிரே தங்கள் வண்டி வந்துகொண்டிருந்தால் வளைவில் மோதும். நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேஜர் என்னைக் கோழை என்றார், துரோகி என்றார். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி இல்லாமல் பந்து பயணம் செய்யக் கூடாது என்று போன வாரம் எழுதினேன். இப்போது அதைத்தான் தங்களிடம் கேட்கிறேன். வெடிமருந்து வண்டி இன்னும் கிளம்பவில்லை என்றால், அந்தப் பந்தை டிராலிக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். அது என் கைக்கு வந்தால் தடம் காலி என்று எனக்குத் தெரியும்.

கொடுத்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். வற்புறுத்தவில்லை.

மேல் ஸ்டேஷன் மாஸ்டர்


மார்ச் 12, உச்சிவேளை

சம்பந்திக்கு,

வண்டி கிளம்பவில்லை. மணி பாதியில் நின்றதும் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். பிடித்தபிறகு சாம்பலைத் தட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் உங்கள் ஆள் வந்தார்.

கேப்டன் துப்பாக்கியை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டார். மிரட்டவில்லை, வைத்தார், அவ்வளவுதான். பீரங்கிப் படைக்குக் குண்டு இல்லாவிட்டால் முன்னணி உடைந்துவிடும், உடைந்தால் இந்த ஊரும் இல்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தம்பியும் அந்தப் பீரங்கிப் படையில் இருக்கிறானாம். இந்தப் பக்கம் அவர் தம்பி, அந்தப் பக்கம் என் மாப்பிள்ளை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்கு அதுவாக இருந்து பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். நிறுத்தத் தடம் இல்லாவிட்டால் வெளியிலேயே நின்று இறக்கிக்கொள்வோம் என்றார். இத்தனை நாளாக உள்ளே நிறுத்தியே இறக்காதவர்கள் வெளியே எங்கே இறக்கப் போகிறார்கள்? நான் வாதாடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. அவர் கம்பித் தந்தி ஆளைத் திட்ட வெளியே போன நேரத்தில், டிராலிக்காரரின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, சோற்றை வழித்துப் போட்டுவிட்டு, பந்தை உள்ளே வைத்து மூடிவிட்டேன். என் பெட்டியிலிருந்த கடைசிப் பந்து அது. அவருக்கு இன்று மதியச் சாப்பாடு கிடையாது. உங்கள் கையால் ஏதாவது கொடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த டிராலி உங்களிடம் வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் குண்டுச் சத்தத்தில் மனம் மாறி நீங்கள் பெட்டியை உடைத்து வேறொரு பந்தைக் கொடுத்து மாப்பிள்ளையை அனுப்பிவிட்டால்? இங்கே கேப்டன் என்னைத் தள்ளிவிட்டு வண்டியை எடுக்க வைத்தால்? ஆனால் நீங்கள் மாற மாட்டீர்கள். எந்தப் பிடிவாதத்தை ஐந்து மாதமாகச் சபித்தேனோ, அதன்மேல்தான் இன்றைக்கு என் மகளின் வாழ்க்கையை வைத்திருக்கிறேன். இங்கே டிரைவரிடமும் சொல்லிவிட்டேன். பந்து இல்லாமல் நகர மாட்டேன், சுட்டாலும் எஞ்சினுக்குள்ளேயே சாகிறேன் என்றார். நல்ல மனிதர்.

கேப்டன் திரும்பி வருகிறார். பந்து எங்கே என்று கேட்பார்.

கீழ் ஸ்டேஷன் மாஸ்டர்


மார்ச் 12, பிற்பகல்

சம்பந்தியம்மாவுக்கு,

பந்து வந்தது. நன்றி என்ற சொல் போதாது, வேறு சொல் தேட நேரமில்லை.

வண்டியை அனுப்புகிறேன். டிராலிக்காரரும் அதில் வருகிறார், என் பங்குச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டார். இந்தக் கடிதத்தை ஒட்டி, பந்தோடு பையனிடம் கொடுக்கிறேன். அத்தையிடம்தான் கொடுக்க வேண்டும், வழியில் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவன் என் பேச்சை இன்னும் கேட்கிறான்.

காரணம் இதுதான். ஸ்டேஷன் வாசலில் தடம் மாறும் பாயிண்டின் பூட்டு உடைந்துவிட்டது. வண்டியின் கடைசிச் சக்கரம் தாண்டும்வரை யாராவது நெம்புகோலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தடம் புரளும். பாயிண்ட்ஸ்மேன் இல்லை. மேஜரின் ஆட்கள் போய்விட்டார்கள், மேஜரும் போய்விட்டார். நான் பிடிக்கிறேன். வெளியே முதலில் கொஞ்ச தூரம் ஏற்றம். இவ்வளவு கனத்தோடு ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள என் முழங்கால் இடம் தராது. நான் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்வதாகப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

பிறகு தடத்தோடு நடந்து வருவேன். ரோட்டில் ராணுவமும் ஜனமும் மாடும் ஒன்றாக நெரிகிறது, மேலே விமானம். தடம்தான் பத்திரம். பந்து தங்கள் கையில் இருக்கும்வரை இந்தத் தடத்தில் எதுவும் வராது. அதை நம்பித்தான் கால் வைக்கிறேன். நான் வந்து சேரும்வரை பந்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மருமகளிடம் சொல்லுங்கள். அவள் கோபம் நியாயமானது.

மேல் ஸ்டேஷன் மாஸ்டர்


மார்ச் 12, சாயங்காலம்

அண்ணா,

சம்பந்தி என்று எழுதப் பேனா எடுத்தேன். வரவில்லை.

வண்டி வந்து சேர்ந்தது. தடம் முழுக்க முனகல் சத்தம். மாப்பிள்ளை எஞ்சினிலிருந்து இறங்கி, நான் இருந்த அறையின் ஜன்னல் வழியாகப் பந்தையும் கடிதத்தையும் நீட்டிவிட்டு, நேராகக் கடைசிப் பெட்டிக்கு ஓடினார். அங்கே நீங்கள் இல்லை. திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போதுதான் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்திருந்தேன். மறைக்கத் தெரியவில்லை, கொடுத்துவிட்டேன்.

கேப்டனைப் பற்றிக் கேட்பீர்கள். பந்து எங்கே என்று கேட்டபோது உண்மையைச் சொன்னேன். என்னைக் கைது செய்து சரக்கு அறையில் உட்கார வைத்து, வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தினார். வண்டி வந்ததும் முதலில் அவர்தான் ஓடினார், பெட்டி பெட்டியாக. மூன்றாவது பெட்டியில் அவர் தம்பி கிடந்தான், ஒரு கால் இல்லை. பீரங்கிகளை நேற்றே விட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அந்தக் குண்டு வண்டி போயிருந்தால் எதிரிக்குத்தான் போயிருக்கும். கேப்டன் வந்து சிப்பாயைப் போகச் சொன்னார். மேஜைமேல் இருந்த துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவருக்கு இன்னொரு உத்தரவு வந்திருக்கிறது. நம் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வேண்டும். எதிரி நம் தடத்திலேயே நம்மைத் தேடி வந்துவிடக் கூடாதாம். வெடிமருந்து ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. உங்கள் முழங்காலை வைத்துக் கணக்குப் போட்டால் இருட்டுவதற்குள் நீங்கள் பாலத்தைத் தாண்ட மாட்டீர்கள்.

மாப்பிள்ளை கையை நீட்டினார். "அத்தை, பந்தைக் குடுங்க" என்றார். எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு பின்னோக்கி ஓட்டிப் போய் உங்களை ஏற்றிக்கொண்டு வருகிறாராம். நான் பந்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் கொடுக்காதே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைவிட, உயிரோடு திரும்பி வந்தவரை மறுபடி அதே நெருப்புக்குள் என் கையால் அனுப்ப வேண்டும். பெற்ற பிள்ளையைக் கரியாக நினைக்கிறவர் என்று உங்களைச் சொன்னவள் நான். அன்றைக்கு நீங்கள் போ என்றும் சொல்லாமல், போகாதே என்றும் சொல்லாமல் நின்றீர்களே, அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

என் மகள் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவர் முன்னால் வந்து நின்று கோபப்படுவாள் என்று பார்த்தேன். மணிக்கட்டைத் திருப்பி அந்தப் புண் ஆறிய இடத்தைப் பார்த்தாள். பிறகு, "போய் மாமாவக் கூட்டிட்டு வாங்க, சண்டையை வந்து வச்சுக்கலாம்" என்றாள்.

கொடுத்துவிட்டேன்.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன், பந்து வெளியே போகிறது, அது திரும்பி வரும்வரை தடத்தில் எதுவும் நடக்கக் கூடாது, அதுதான் சட்டம் என்று. அவர் மாப்பிள்ளை கையிலிருந்த அந்த இரும்பு உருண்டையைப் பார்த்தார். "எதிரி பாலத்துக்கு வந்துட்டா என்னால நிறுத்த முடியாதும்மா. அதுவரைக்கும் பந்து வராம திரியத் தொட மாட்டேன்" என்றார். இப்போது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பந்தும் இல்லாத என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எஞ்சின் கிளம்பத் தயார். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் சட்டைப் பையில் வைக்கிறேன். இதை நீங்கள் படித்தால் அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள். படித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஏறுங்கள்.

என் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றீர்கள். எஞ்சின் நேராகப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும், அதற்குப் படி கிடையாது. பந்தை நீங்களே கொண்டு வந்து என் கையில் கொடுங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.

தங்கை